பெருமாள் பேருதாங்க

ஐம்பத்தேழாம் வருஷ நகரசபைத் தேர்தலில் நானும் என் வீட்டுக்காரரும் எதிரெதிர்க் கட்சி. அவர் வேலை பார்த்த மளிகைக்கடை முதலாளியே எங்கள் வட்டாரத்தில் நின்றார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார் இவர். அந்த உப்பைக் காசு கொடுத்துத்தானே வாங்கினோம்?

நான் தையல் டீச்சர் அன்னம்மா பக்கம். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் எங்கள் சந்து முழுவதற்கும் ஒரே குழாய். விடியுமுன் வாளியோடு நின்று சண்டை போட்டது நான், இவரில்லை. இன்னொரு குழாய் போட வைக்கிறேன் என்றவர் டீச்சர் ஒருவர்தான்.

"போட்டா முதலாளிக்குப் போடு. இல்லன்னா வீட்லயே கிட" என்றார் இவர். நான் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். பின்னாலேயே வந்தார்.

ஓட்டுச்சாவடியில் நான் பேரும் விலாசமும் சொன்னதும் குமாஸ்தா பட்டியலைப் பார்த்தார். "அந்த வீட்டு விலாசத்துல ரெண்டு மங்களம் இருக்காங்க லா. உங்க வீட்டுக்காரர் பேரு?"

மாட்டிக்கொண்டேன். புருஷன் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். பெருமாள் கோயிலில் எல்லோரும் கோவிந்தா போடும்போதுகூட நான் மட்டும் நாராயணா என்பேன்.

"பெருமாள் பேருதாங்க" என்றேன்.

அவர் விரலை ஓட்டிப் பார்த்தார். "பெருமாள் சம்சாரம்னு யாரும் இல்லையேம்மா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

திரும்பினேன். எனக்கு அடுத்தாற்போல் இவர்தான் நின்றார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை, மீசைக்குள் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கோவிந்தசாமி" என்றேன், சாவடி முழுக்கக் கேட்கும்படி. "இதோ நிக்கிறாரே, இவருதான்."

வரிசையில் நின்ற மாடிவீட்டுச் சந்திரமதி, "அடிப்பாவி, தாலிக்கு ஆகாதே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இவர் முகத்தில் ஈயாடவில்லை. நான் சீட்டை வாங்கிக்கொண்டு போய் டீச்சருக்கே போட்டேன்.

டீச்சர் தோற்றார். டெபாசிட்கூடத் தேறவில்லை. முதலாளி வீட்டு வெடிவாசத்தோடு வந்த இவர், "உன் ஓட்டு கோவிந்தா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. டீச்சருக்காகவும் அழுதேன், ஆத்திரத்திலும் அழுதேன்.

மறுநாள் கடைக்குப் போனேன். முதலாளி கழுத்து மாலைகூட வாடாமல் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். இவர் அரிசி நிறுத்துக்கொண்டிருந்தார்.

"எங்க சந்துக்கு இன்னொரு குழாய் வேணும்" என்றேன். "ஓட்டு உங்களுக்குப் போடல. ஆனா இப்ப எங்க வட்டாரத்துக்கு நீங்கதானே மெம்பர்?"

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ யாரு சம்சாரம்மா?"

இவர் தராசைப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மங்களம்" என்றேன். "குழாய் எப்ப வரும்?"