ஜனவரி வரை பொறுக்காதவர்கள்

ரோலண்ட் ஒருநாள் ரம்பத்தோடு வந்து நிற்பான் என்று ஹெஸ்டர் பெக்லருக்கு அக்டோபரிலேயே தெரியும். ஆனாலும் அவள் அசரவில்லை.

இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் அவர்கள் ஊருக்கென்று ஒரு பொதுத்தோட்டம் உண்டு. ஆப்பிள் திருநாளன்று ஒவ்வொரு மரத்துப் பழத்தையும் பறித்த கையோடு கடித்து மதிப்பெண் போட்டார்கள். ஆஷ்மீட்ஸ் கர்னல் என்ற பழைய ரக மரத்தின் முறை வந்ததும் தோட்டக் குழுத் தலைவன் ரோலண்ட் துப்பியே விட்டான்.

"உருளைக்கிழங்குக்கு சொறி பிடிச்ச மாதிரி இருக்கு. புளிப்புல பல்லே கூசுது."

ஜனவரியில் அந்த மரத்தை வெட்டிவிட்டு, பளபளவென்று சிவப்பாய்க் காய்க்கும் புது ரகம் வைப்பதாக முடிவானது. முந்நூறு வருஷமாய்ப் பெயர்பெற்ற பழத்தைப் பறித்த அன்றே தின்று தீர்ப்பு சொல்லும் அவசரக்குடுக்கைகள்! இருபது வருஷமாய் அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டவள் ஹெஸ்டர்தான். வாதாடவில்லை. காயை மட்டும் கேட்டாள்.

"தாராளமா எடுத்துக்க. பன்னிக்குப் போடு," என்றான் ரோலண்ட்.

பன்றிக்குப் போடவில்லை. குளிர்ந்த கார் கொட்டகையில், ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டுகளில் அடுக்கினாள். கிறிஸ்துமஸ் கழிந்து ஒன்றை நறுக்கித் தின்றவள், தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

ஜனவரி இரண்டாம் வாரம் காலையில் ரோலண்ட் வண்டியிலிருந்து ரம்பத்தை இறக்கினான். ஹெஸ்டர் மரத்தடியில் கூடையோடு நின்றாள்.

"மரத்தைக் கட்டிப்பிடிச்சு அழப்போறியா?"

"அக்டோபர்ல நீ வாங்கிட்டுப் போன சிவப்பு ரகத்துப் பழம் வீட்டுல எப்படி இருக்கு?"

"மாவாப் போச்சு. தூக்கிப் போட்டாச்சு."

"அப்ப இதைத் தின்னுட்டு வெட்டு."

தோல் சுருங்கி, அக்டோபரைவிட அசிங்கமாகத்தான் இருந்தது. அவன் சலிப்போடு கடித்தான். புளிப்பு அடங்கி இனிப்பு எழுந்திருந்தது. பேரிக்காய் மிட்டாய் வாசம் மூக்கில் ஏறியது. கூடையிலிருந்த பாலாடைக்கட்டித் துண்டையும் எடுத்துக்கொண்டான். முழுப் பழமும் முடிந்தது.

அடுத்ததற்குக் கை நீண்டது. ஹெஸ்டர் கூடையை மூடினாள்.

"அடுத்த ஜனவரிக்கு வா. இதே மரத்துல பறிச்சதுதான் தருவேன்."

ரோலண்ட் கையைத் துடைத்துக்கொண்டான்.

"குழுவுக்கு நான் என்ன சொல்றது?"

"துப்பினது நீதானே, நீயே சொல்லு."

அவன் ரம்பத்தை வண்டியில் ஏற்றிவிட்டுக் கிளை கழிக்கும் கவாத்துக் கத்தரியோடு திரும்பி வந்தான்.

"எந்தக் கிளையை எடுக்கணும்?"