டீக்கடையில் உட்கார்ந்திருந்த எடை

செங்காட்டுவலசிலிருந்து தாராபுரம் போகும் சாலையோரத்தில் அவ்வப்போது கருவிகள் கிடக்கும். கருவி முதலில் வரும், அதற்கான வேலை பின்னால் வரும். பழனியப்பனுக்கு உள்நோக்கிப் பல் வைத்த ரம்பம் ஒன்று கிடைத்தது. அந்தக் கோடையிலேயே அவர் வீட்டு வேப்பமரத்தின் நிழல் கெட்டிப்பட்டு வாசலை அடைத்துக்கொள்ள, அறுத்து வழி பண்ணினார். வாத்தியார் ஒருவருக்குக் கிடைத்தது சின்னக் குறடு. பிறகு மனைவியின் பெயர் அவர் தொண்டையில் மாட்டிக்கொண்டபோது அதை வைத்துத்தான் பிடுங்கினார்கள். அதனால் எது கிடந்தாலும் எடுத்து வீட்டில் வைத்துவிடுவது ஊர் வழக்கம். ஆனால் சீர்த்தட்டு தூக்கிக்கொண்டு போகிறவர்கள் மட்டும் வழியில் இரும்பைத் தொடமாட்டார்கள்.

துளசிமணி அன்று நாத்தனார் மகள் கல்யாணத்துக்குச் சீர்த்தட்டோடு போய்க்கொண்டிருந்தாள். புளியமரத்தடியில் ஆள் உயரக் கம்பி ஒன்று கிடந்தது. ஒரு முனையில் கொக்கி, மறுமுனையில் அகப்பை, நடுவில் வெண்கல மணி. கைப்பிடி அவள் கைக்கே அளவெடுத்த மாதிரி இருந்தது. திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று நடந்தாள். திரும்பியபோது அது அங்கே இல்லை. இரண்டாம் முறை பாயசம் வாங்கியிருக்க வேண்டாம் என்று பின்னால் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

அவள் புருஷன் நாச்சிமுத்து லாரி ஓட்டுகிறவர். கல்யாணம் முடிந்த கையோடு நாக்பூரிலிருந்து திரும்பி வந்தார். ஆள் வந்துவிட்டார், எடை வரவில்லை. லாரிக் கதவைத் திறந்ததும் சீட்டைவிட்டு மேலே எழும்பினார். துளசிமணி லுங்கியைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்து வந்தாள்.

“எங்கீங் மாமா விட்டுட்டு வந்தீங்க?”

“நாலஞ்சு எடத்துல டீ குடிக்க எறங்குனேன் புள்ள. அதுல எங்கியோ உக்காந்திருச்சாட்ட இருக்குது. பொறவால வரும்” என்றார், உத்தரத்தைப் பிடித்தபடி.

லாரியில் தார்ப்பாய் கட்டும் கயிற்றால் அவரைக் கட்டிலோடு கட்டிப்போட்டாள். சோற்றை உருட்டி நீட்டினால் வாங்கிக்கொள்வார். ரசம்தான் கொஞ்சம் சிரமம். போகப் போக அவர் இன்னும் லேசானார். கட்டிலும் அவரோடு சேர்ந்து விரற்கடை எழும்பத் தொடங்கியதும் அம்மிக்கல்லைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். ஆனி முடியப்போகிறது. ஆடி பிறந்தால் மேற்குக் கணவாய்க் காற்று வந்து வீட்டு ஓடுகளையே பிய்த்துக்கொண்டு போகும். இவரை எந்த ஊர்ப் பனைமரத்தில் போய்த் தேடுவது? துளசிமணி கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். புருஷன் முகத்தைப் பார்த்தால் அழுகை வந்துவிடும் என்று முடிச்சையே பார்த்துக்கொண்டு இறுக்கினாள்.

சாலையில் புதிதாகத் தேடிப் புண்ணியமில்லை. வேலை வந்துவிட்டது என்றால் அதற்கான கருவி முன்பே வந்திருக்க வேண்டும். அந்தக் கொக்கிக் கம்பிதான் அது என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஒரு வீடு விடாமல் கேட்டாள். எடுத்ததாக யாரும் சொல்லவில்லை.

கடைசியில், புருஷன் டீ கேட்டார் என்று தூக்குப்போசியோடு வேலப்பன் கடைக்குப் போனாள். எப்போதும் போலச் சாலையோரமாகவே நின்றாள். ஆண்கள் உட்காரும் அந்தப் பெஞ்சுகளில் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அங்கிருந்து பார்த்தபோது கடைப் பந்தலுக்கு முட்டாக அந்தக் கம்பி நின்றுகொண்டிருந்தது.

“ஏனுங் அண்ணா, அந்தக் கம்பி எப்பங் கெடச்சுது?”

“நீங்க சீர் கொண்டு போனீங்களே அம்மிணி, அன்னிக்குத்தான். பந்தலுக்கு ஆவுமுன்னு எடுத்தேன். ஆனா பாருங்க, அதுக்குப் பக்கத்துப் பெஞ்சு நாளுக்கு நாள் தரைல எறங்குது. ஆரும் உக்கார்றதில்ல. சாயங்காலமானா மணி தானா அடிக்குது. நானும் ஒரு டீ ஊத்தி வெச்சர்றேன். குடிச்சுப்போடுது.”

“சக்கரை தூக்கலாங்?”

“ஆமாங். ஆடை இருந்தா தொடறதில்ல.”

துளசிமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. சர்க்கரை தூக்கலாக, ஆடை எடுத்துத்தான் நாச்சிமுத்து குடிப்பார். எடை தானாகவே நாக்பூர் சாலையெல்லாம் கடந்து, தன் கருவி எங்கே இருக்கிறதோ அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. அவள்தான் வீட்டில் வைத்திருக்கவில்லை.

வேலப்பன் பந்தலுக்கு மூங்கிலை முட்டுக்கொடுத்துவிட்டுக் கம்பியை எடுத்துக் கொடுத்தார். அவள் கொக்கியைப் பெஞ்சில் மாட்டி ஒரு நெம்பு நெம்பினாள். பெஞ்சு மேலே வந்தது. எடை வழுக்கி அகப்பையில் ஏற, அந்தப் பக்கம் கம்பி வளைந்தது. தோளில் சாய்த்து, அங்கங்கே இறக்கி மூச்சு வாங்கி, வீடு வந்து சேர்ந்தாள். எண்ணெய் வைப்பது போல அவர் உச்சந்தலையில் அகப்பையைக் கவிழ்த்தாள். கட்டில் கிரீச்சிட்டுத் தரையில் உட்கார்ந்தது. கயிற்றை அவிழ்த்ததும் நாச்சிமுத்து காலை ஊன்றி எழுந்து நின்றார். அவள் அவர் பாதத்தையே பார்த்துக்கொண்டு நெடுநேரம் அழுதாள்.

“பசிக்குது புள்ள” என்றார் அவர்.

ஆனால் பழகிய பழக்கம் போகுமா? சாயங்காலம் மூலையில் சாத்தியிருந்த கம்பியின் மணி அடிக்கும். எடை எழுந்து டீக்கடைக்குப் போய்விடும். அது திரும்பும்வரை துளசிமணி ஒரு கையால் அவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் வெங்காயம் உரிப்பாள். ஒருநாளும் பிடி நழுவவில்லை.

ஆடி பிறந்து, காற்று ஓட்டைத் தடதடவென்று ஆட்டிய ஒரு சாயங்காலம் மணி இரண்டு தரம் அடித்தது. அவர் எழும்பினார். காலைப் பிடித்திருந்த அவளும் எழும்பினாள். இருவரும் உத்தரத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

“உன்னுதும் போயிருச்சாட்ட?”

“நா எப்பங் மாமா டீக்கடைல உக்காந்திருக்கறேன்? போயிட்டு வரட்டும்.”

அங்கே பெஞ்சு வழக்கத்தைவிட இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது. வேலப்பன் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ ஊற்றி வைத்தார். இன்னொரு டம்ளரைக் கழுவிக் கையில் வைத்துக்கொண்டு, “அம்மிணிக்கு எப்புடிங் போடட்டும்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.