தோற்கத் தெரிந்தவர் தேவை

ஷோபா கெட்டிக்காரி. அவள் செய்த தப்பே அதுதான்.

திருப்பதியில் ஒரு லாட்ஜின் மேல்மாடியில் இருந்த சின்ன ஆபீஸ் அது. செல்போனில் ஆடும் போர் விளையாட்டு ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். மலைக்கோட்டைப் பாளையக்காரன் ஒருவன் வெள்ளைக்காரப் படையோடு மோதும் ஒன்பது சண்டைகள். ஒவ்வொன்றையும் ஆடிப் பார்த்து, சுலபமா கஷ்டமா என்று எழுதித் தருவது ஷோபாவின் வேலை. வடமாலபேட்டையிலிருந்து பஸ் ஏறிப் போய் இரண்டு வருஷம் அதைச் செய்தாள். கணவன் ஜெயபிரகாஷ் வேலை பார்த்த போன் கடையை மூடிவிட்டார்கள். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

எப்படியும் ஜெயித்துவிடுவாள். ஏரிக்கரையை உடைத்தால் எதிரியின் பீரங்கி வண்டிகள் சேற்றில் மாட்டிக்கொள்ளும் என்று கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததை மனதோடு வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். 'இப்படிச் செய்தால் ரொம்பச் சுலபம்' என்று நேர்மையாக எழுதிக் கொடுத்தாள். கரையைக் கல்லால் கட்டிவிட்டார்கள். நெல் வண்டிகளை மறித்து எதிரியைப் பட்டினி போட்டாள். அதையும் எழுதினாள். எதிரிக்கு இரண்டு மடங்கு நெல் கொடுத்தார்கள். அவள் ஜெயிக்க ஜெயிக்க எதிரி கொழுத்தான்.

விளையாட்டு வெளியே வந்தது. மூன்றாம் சண்டையைத் தாண்ட ஆளில்லை. ஆடியவர்கள் ஒற்றை நட்சத்திரம் போட்டுக் கண்டபடி திட்டினார்கள்.

முதலாளி சுரேஷ்பாபு அவளைக் கூப்பிட்டு, அவள் எழுதியதையே எடுத்துக் காட்டினார். மூன்றாம் சண்டைக்கு நேராக 'சுலபம்' என்றிருந்தது.

"சூடம்மா, இங்க பாரு ஷோபா, உம்மேல கோவம் இல்ல. நீ ரொம்ப கத்துக்கினே. உனக்கு ஈஸின்னா ஊர்ல யாருக்கும் ஈஸி இல்ல. எனக்கு இப்ப ஒண்ணுமே தெரியாத ஆளுதான் வேணும். இந்த மாசத்தோட நின்னுக்கோ."

"நீங்க சொல்லித்தான சார் ரெண்டு வருஷமா ஆடிக்கினு இருந்தேன்?"

"கரெக்ட்டு. அதான் ப்ராப்ளமே." அவர் முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "உங்க வீட்டுக்காரரு சும்மாதான இருக்காரு? அவரு இத ஆடியிருக்காரா?"

ஆடியதில்லை. பொம்மைச் சண்டை என்று கேலி செய்தவன்தான். மறுநாளே அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். முதல் சண்டையிலேயே தன் கோட்டைக்குத் தானே தீ வைத்துக்கொண்டான். சுரேஷ்பாபு கை தட்டாத குறைதான். ஆபீஸ் போனை எடுத்துப்போய் வீட்டிலேயே ஆடலாம், ஆடுவதெல்லாம் அதில் பதிவாகும், ஷோபா மட்டும் எதுவும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்றார். அவன் தோற்கும் இடமெல்லாம் எதிரியை இளைக்க வைப்பார்கள். தோற்கிறவரைக்கும் சம்பளம்.

மூன்று வாரம் ஷோபா வாயைக் கட்டிக்கொண்டாள். அவன் குதிரைகளைக் கொண்டுபோய்ப் பீரங்கிக்கு எதிரே நிறுத்துவான், அவை சாவதைப் பார்த்து "அடப்பாவி!" என்று கத்துவான். அவள் அடுப்படியில் பாத்திரங்களை உருட்டுவாள். தெரிந்தவளுக்கு வேலை இல்லை, தெரியாதவனுக்குச் சம்பளம் என்றால் இந்த நியாயத்தை யாரிடம் போய்க் கேட்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாலாம் சண்டையில் பதினோராவது தடவையாகத் தோற்றுவிட்டு, அவன் போனைக் கட்டிலில் எறிந்தான்.

"மனுஷன் ஆடற ஆட்டமா இது? நீ எப்பிடித்தான் ஜெயிச்சியோ ஷோபா!" அதில் கேலி இல்லை. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவளை அவன் மதிப்போடு பார்த்தது அன்றுதான். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. குதிரைய எங்க நிறுத்தறது?"

"வேணாங்க. சார் இன்னா சொன்னாரு?"

"அவரு இங்க வந்து பாத்துக்கினா இருக்காரு?"

பதிவான ஆட்டத்தைப் பார்த்தாலே அவருக்குப் புரிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அவன் போனை எடுத்து மறுபடியும் குதிரைகளைப் பீரங்கிக்கு நேரே ஓட்டினான். அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. அவன்மேல் இரக்கமா, சுரேஷ்பாபுமேல் ஆத்திரமா, பழகிய கையின் அரிப்பா என்று கேட்டால், மூன்றும்தான்.

"ஐய, பின்னால இழுங்க! அந்தப் புளியந்தோப்புல மறைச்சு வெய்ங்க. பீரங்கி ஒரு தபா சுட்டு முடிச்சதும் வுடுங்க!"

ஜெயித்தான். அடுத்த சண்டையிலும் ஜெயித்தான். இருவரும் ஒரே போனுக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டு, சாப்பிடக்கூட எழாமல் ஆடினார்கள். அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. சாயங்காலத்துக்குள் ஒன்பதாவது சண்டையும் முடிந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு சுரேஷ்பாபு ஷோபாவுக்குப் போன் செய்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அவரும் கத்துக்கினாரேம்மா! இனிமே அவரு எனக்கு உதவ மாட்டாரு. நாளைக்கு அந்த போனக் கொண்டாந்து குடுத்துடுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "உனக்குத் தெரிஞ்சவங்கள்ல இத ஆடவே ஆடாத ஆளு வேற யார்னா இருக்காங்களா?"

"இல்ல சார்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

உள்ளே ஜெயபிரகாஷ் முதல் சண்டையிலிருந்து மறுபடி தொடங்கியிருந்தான்.

"ஷோபா, இங்க வாயேன்! இந்தத் தபா ஒரு குதிரகூட சாவல பாரு!"