சிவப்புச் சாக்கு சொன்ன விலை

பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய். மிளகாய் மண்டிக்காரர் பசவய்யாவுக்கு நரசய்யா வைத்திருந்த பாக்கி அது. அவர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, உள்ளே துர்காம்பா செத்துக் கிடந்த புருஷன் நரசய்யாவின் தோளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருஷம் மூட்டை சுமந்த தோள். எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் காரம் போகவில்லை. அழ வந்த பெண்கள் தும்மினார்கள்.

மண்டியில் விவசாயிக்கு ஒரு விலை சொல்வார்கள். லாரி ஏற்றும்போது சீட்டில் வேறு விலை வாசிப்பார்கள். மூட்டை தூக்குகிறவன் காதில் அது விழும். நரசய்யா கேட்டு வந்து சொல்வான். அவள் முகநூலில் எழுதிப் போடுவாள். பேர், சிவப்புச் சாக்கு. கட்டிக்கொடுத்த மகளின் பழைய பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திக் கற்ற எழுத்து. நாலு வருஷத்தில் பதினோராயிரம் விவசாயிகள் சேர்ந்துவிட்டார்கள். அது சொன்னால்தான் வண்டி கட்டுவார்கள். யாரென்று வெளியே தெரிந்தால், அதே மண்டியில் மிளகாய்க் காம்பு கிள்ளும் அவளுக்கு மறுநாள் கூலி இருக்காது.

வாசலில் பசவய்யா அவள் கொழுந்தன் போலய்யாவிடம் பேசுவது கேட்டது.

"ஏன் போலய்யா, மணி நாலாச்சு. ரெண்டு மணிக்கெல்லாம் குரைக்குமே அந்தச் சாக்கு, இன்னிக்கு வாயடைச்சுப் போச்சே."

"கரண்டு இல்லையோ என்னமோ, முதலாளி."

"போனுக்கு என்னய்யா கரண்டு?"

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள். பசவய்யாவின் கண் உள்ளே கிடந்தவன்மேல் இருந்தது.

துர்காம்பா கொழுந்தனை உள்ளே கூப்பிட்டாள். "தம்பி, வேலையில இருந்தா வந்த?"

"பாதி லாரி ஏத்திட்டு ஓடி வந்தேன் அண்ணி."

"தேஜா மிளகாய் என்ன விலைக்குப் போச்சு?"

போலய்யா அவளைப் பார்த்தான். "இப்ப எதுக்கு அண்ணி?"

"உங்கண்ணன் தினம் கேப்பாரு. காதுல சொல்லிட்டுப் போ."

அவன் குனிந்தான். "குவிண்டால் பதினாலாயிரத்து அறுநூறு, அண்ணா."

பெண்கள் ஓவென்று அழுதார்கள். அவள் புழக்கடைக்குப் போனாள். ஈர விரலுக்குப் போன் அசையவில்லை. சேலையில் துடைத்துத் துடைத்து விலையை எழுதிப் போட்டாள்.

திரும்பி வரும்போது வாசலில் பசவய்யா போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிணத்தைப் பார்த்தார். பிறகு மறுபடியும் போனை.

சுமைக்காரர்கள் வசூல் செய்து இருபதாயிரம் கொண்டுவந்தார்கள். துர்காம்பா அதிலிருந்து எண்ணி பசவய்யாவிடம் நீட்டினாள்.

"காரியம் முடியட்டும்மா. ஓடியா போயிடுவ?"

"கடனோட தூக்க வேணாம் முதலாளி."

அவர் கணக்கை அடித்துவிட்டு நோட்டைத் திருப்பினார். பேனாவையும் நீட்டினார். "கையெழுத்துப் போடுவியா?"

அவள் கை பேனா வரை போய்விட்டது. அங்கேயே நின்றது.

"எனக்கு எழுத்து ஏது முதலாளி?" என்று இடது கைப் பெருவிரலை நீட்டினாள்.

ஈரத்தில் மை பரவி, ரேகை சரியாக விழவில்லை.

"இன்னொரு தரம் வைம்மா."

வைத்தாள்.