மலாக்கி கூட்டி வந்த ஆள்

என் கடையில் இருமல் மருந்து வாங்குவது லேசான காரியமில்லை. யாருக்கு, என்ன வயது, எத்தனை நாளாக, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் பாட்டிலைக் கையில் கொடுப்பேன். அயர்லாந்து முழுக்க மருந்துக்கடைக்காரர்கள் கேட்கிற கேள்விகள்தான். நான் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பேன், அவ்வளவே. "இந்த நாட்டுக்குள்ள பாஸ்போர்ட் இல்லாமக்கூட வந்துடலாம், ஃபிடெல்மா கிளான்சி கடைக்குள்ள வர முடியாது" என்று பாட்சி ஹோகன் மதுக்கடையில் உட்கார்ந்து சொல்கிறானாம். சொல்லட்டும். மாட்டுக்கு வாங்கிய களிம்பைத் தன் முழங்காலில் தேய்த்துக்கொண்டு திரிந்தவன் அவன். நான் குடைந்து குடைந்து கேட்டதால்தான் அந்தக் கால் இன்றைக்கும் அவனிடம் இருக்கிறது.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் கேட்க மாட்டேன். பெரியவர்கள் கட்டிக்கொள்ளும் டயப்பர். அதை வாங்க வருகிறவர்கள் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வருவார்கள். பற்பசை, சோப்பு என்று வேண்டாததையெல்லாம் எடுத்து மேலே போட்டு மறைப்பார்கள். அப்போது மழையைப் பற்றிப் பேச வேண்டும். பேசிக்கொண்டே கறுப்புப் பையில் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் ஊர் கில்மோனாவில் மரியாதை என்றால் அதுதான். என் மாமியாருக்கு நானே பக்கத்து ஊருக்குப் போய் வாங்கியிருக்கிறேன், சொந்தக் கடையை வைத்துக்கொண்டு. இங்கே எடுத்தால் கடைப்பெண்ணுக்குத் தெரிந்துவிடுமே என்று.

என் தம்பி மலாக்கிக்கு விமான நிலையத்தில் வேலை. எங்கள் ஊரிலிருந்து இருபது நிமிடப் பயணம். தனியார் சிறுவிமானங்கள் வந்தால் நிறுத்த இடம் காட்டுவான், சாப்பாடும் ஐஸும் ஏற்றுவான், விமானத்தில் வந்தவர்களை வேனில் ஓட்டலுக்குக் கொண்டுபோய் விடுவான். 2004 மார்ச்சில் ஒரு மத்தியானம் அந்த வேன் என் கடை வாசலில் வந்து நின்றது. ஓர் அமெரிக்கன் இறங்கினான். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒழுங்காக வெட்டிய தலைமுடி, கட்டம் போட்ட சட்டை, சேறு படாத காலணி.

"எங்க அக்கா கடைதான், சார். எது கேட்டாலும் கிடைக்கும்" என்று மலாக்கி கதவைத் திறந்துவிட்டான். அவன் உள்ளே வரவில்லை. வேனில் சாய்ந்து நின்றுகொண்டு கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த ஆள் நேராக அலமாரிக்குப் போய்ப் பெரிய அளவில் நான்கு டயப்பர் பொட்டலங்களை எடுத்து வந்து வைத்தான். மேலே சோப்பு இல்லை, பற்பசை இல்லை, முகத்தில் துளி கூச்சமும் இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கா உறைக்கும்? என் மனசு உருகிவிட்டது. பாவம், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் அப்பாவை ஊருக்கு அழைத்துப் போகிறான் போல என்று நானே ஒரு அப்பாவை உண்டாக்கிக்கொண்டேன். மழை வியாழக்கிழமைக்குள் விட்டுவிடும் என்றேன். "நல்லது, மேடம்" என்றான்.

"ரொம்ப நேரப் பிரயாணம்னா தோல் புண்ணாயிடும். இந்தக் களிம்பையும் வெச்சுக்குங்க. காசு வேண்டாம்."

அவன் அந்தக் களிம்பைப் பார்த்தான். ஏதோ தெரியாத பாஷையில் நான் பேசிவிட்ட மாதிரி என்னையும் பார்த்தான். "அதுக்கு அவசியம் வராது, மேடம்" என்று திருப்பி வைத்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் முழுக்க வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவன் பெருமையைத்தான் பேசினேன். இந்த ஊரில் எவனாவது பெற்றவனுக்கு இப்படிச் செய்வானா என்று பாட்சி ஹோகனையே கேட்டேன். அக்டோபரில் அந்த அமெரிக்கன் மறுபடி வந்தான். அடுத்த மே மாதம் மூன்றாம் முறை வந்தபோது சின்ன அளவிலும் ஒரு பொட்டலம் கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். மூன்று முறையும் மலாக்கியின் வேன்தான்.

அந்த வருடக் குளிர்காலத்தில்தான் ஐரோப்பாவே கொதித்தது. அமெரிக்க உளவுக்காரர்கள் தெருவில் போகிறவனைப் பிடித்துக் கண்ணைக் கட்டிச் சிறுவிமானத்தில் ஏற்றி, கேட்பாரில்லாத தேசங்களில் கொண்டுபோய் அடித்து விசாரிக்கிறார்கள், அந்த விமானங்கள் நம் நிலையங்களில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு போகின்றன என்று தினமும் பத்திரிகையில் வந்தது. எங்கள் தேவாலய மண்டபத்திலும் கூட்டம் போட்டோம். கண்டனத் தீர்மானத்தைக் கொண்டு வந்தவள் நான்தான். "வாஷிங்டன்ல இருக்கிறவனுக்கு நாம எல்லாரும் ஊமைன்னு நினைப்பு. நம்ம மண்ணுல கால் வெச்சுட்டுப் போவான், நாம வாயைப் பொத்திட்டு நிக்கணுமா?" என்று கேட்டேன். கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று. கைதட்டியவர்களில் பாதிப் பேர் வீட்டில் அடுப்பு எரிவது விமான நிலையச் சம்பளத்தில். வாஷிங்டன் தூரத்தில் இருக்கிறது, தாராளமாகத் திட்டலாம். பள்ளிக்கூட டீச்சர் ஊனா எழுந்து, "அப்போ அந்த விமானங்களுக்குள்ள ஏறிச் சோதனை போடணும்னு நம்ம போலீஸைக் கேக்கலாமே" என்றாள். டீ தயார் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். கடைசி வரிசையில் இருந்த மலாக்கி நான் பேசும்போதே எழுந்து போயிருந்தான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு காலை. அப்படிப் பிடித்துப் போனவர்கள் ஐந்து மாதம் கழித்து 'ஆள் மாறிப்போச்சு' என்று விட்டுவிட்ட ஒருவரின் வாக்குமூலம் பத்திரிகையில் வந்திருந்தது. ஜெர்மனியில் கடை வைத்திருப்பவர். முகமூடி போட்டவர்கள் உடுப்பைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார்களாம். டயப்பர் கட்டினார்களாம். தலையில் பை மாட்டி விமானத்தின் தரையோடு சேர்த்துக் கட்டிப் போட்டார்களாம்.

டயப்பர் என்ற இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி படித்தேன். பிறகு கோட்டைக்கூட மாட்டாமல் மாடி வீட்டிலிருந்து, கீழே பூட்டிக் கிடந்த கடைக்கு இறங்கி, அந்த அலமாரி முன்னால் நின்றேன். அவசியம் வராது, மேடம். அடப்பாவி, எவ்வளவு நிதானமாகச் சொன்னான். நான் அழுகிற ரகமில்லை. அன்றைக்கு எடை பார்க்கிற மெஷின் மேலேயே உட்கார்ந்து அழுதேன்.

அழுகை ஓய்ந்ததும் கோபம் வந்தது, கோபத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. விமான நிலையத்திலிருந்து கில்மோனா வருகிற வழியில் இரண்டு மருந்துக்கடைகள் இருக்கின்றன. இரண்டையும் தாண்டி, மூன்று முறையும் மலாக்கி அவனை என்னிடம் ஏன் கூட்டி வந்தான்? கால்பந்து என்றால் ஒரு மணி நேரம் பேசுகிறவன் அந்த விமானங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கூட்டத்தில் பாதியில் எழுந்து போனான். சமையலறையைக்கூட அந்தக் கோடையில்தான் புதிதாகக் கட்டினான். ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தேன். என் தம்பி அவர்களுடைய ஆள். சொந்த அக்கா வாயைத் திறக்க மாட்டாள் என்ற தைரியத்தில் என் கடையைக் காட்டிக் கொடுத்திருக்கிறான்.

ஞாயிறு மத்தியானச் சாப்பாடு அவனுக்கு எப்போதும் என் வீட்டில்தான். பன்றி இறைச்சியும் முட்டைக்கோசும் பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"அந்த அமெரிக்கக்காரன் யாருடா?"

"எந்த அமெரிக்கக்காரன்?"

"மூணு தடவை என் கடைக்குக் கூட்டிட்டு வந்தியே, அவன்."

"வேன் ஓட்டுறதுதான் என் வேலை. ஏறுறவனோட பூர்வீகத்தைக் கேக்குறது என் வேலை இல்ல."

"விமானத்துல யாரு இருந்தா?"

"யாரும் இல்ல. இங்கேருந்து போறப்ப காலியாத்தான் போகும்."

"திரும்பி வர்றப்ப?"

"திரும்பறப்ப இங்க இறங்காது." உருளைக்கிழங்கை நசுக்கிக்கொண்டே இருந்தான். "அதான் நம்ம நாட்டு வழியாக் கைதிங்களைக் கொண்டு போகலன்னு அமெரிக்கக்காரங்க வாக்குக் குடுத்திருக்காங்களாமே. நம்ம அரசாங்கமே சொல்லுது."

"வாக்கா? அந்த வாக்கை நம்பி என் கடையில ஒரு ஆஸ்பிரின்கூடக் குடுக்க மாட்டேன்."

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "உனக்கு இப்பதான் கேக்கத் தோணுச்சா?"

கொழுப்பைப் பார் என்று நினைத்தேன். செய்ததையும் செய்துவிட்டு என்னையே குத்திக் காட்டுகிறான். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான், நானும் தடுக்கவில்லை.

மறுநாள் காலையில், இந்த விமானங்களைப் பற்றி விசாரிக்க வந்திருந்த ஐரோப்பியக் குழுவுக்கு மின்னஞ்சல் எழுதினேன். அவர்களுடைய வக்கீல்கள் பக்கத்து நகரமான லிமரிக்கில் ஓர் ஓட்டலில் தங்கி வாக்குமூலம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பெல்ஜியத்துப் பெண் ஒருத்தி போன் செய்து, வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வரச் சொன்னாள். "அவரை உங்களிடம் அழைத்து வந்தது யார்?" என்று கேட்டாள். என் தம்பி என்றேன். பெயர் கேட்டாள். நேரில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

பெயரைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமலில்லை. இருபத்திரண்டு வருட வேலை போகும். இந்த வட்டாரத்தில் அவனுக்கு இனி ஒருத்தரும் வேலை தர மாட்டார்கள். மூன்று பிள்ளைகள். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, தலை சீவிப் பள்ளிக்கு அனுப்பியதெல்லாம் நான். இரண்டு நாள் தூங்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுவது என்றுதான் முடிவு செய்தேன். முதுகுக்குப் பின்னால் செய்ய மனம் வரவில்லை, புதன்கிழமை சாயங்காலம் கடைக்கு வரச் சொன்னேன். நனைந்துகொண்டே வந்தான். கடையில் வேறு யாருமில்லை.

"நாளைக்கு உன் பேரைச் சொல்லப் போறேன், மலாக்கி."

"சொல்லு."

கெஞ்சியிருந்தால் எனக்கு மனம் இளகியிருக்குமோ என்னவோ. அந்த ஒற்றை வார்த்தை என்னைக் கிளப்பிவிட்டது. "வழியில ரெண்டு கடை இருக்கே, அங்க நிறுத்தினா ஆகாதா? ஃபிடெல்மா வாயைத் திறக்க மாட்டான்னு அவன்கிட்ட சொல்லிக் கூட்டிட்டு வந்தியா?"

"நீயா? நீ வாயைத் திறக்க மாட்டியா?" அவன் சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பை அவனிடம் நான் பார்த்ததில்லை. தொப்பியைக் கழற்றி மேசை மேல் வைத்தான்.

"முதல் தடவை அந்த விமானத்துக்கு ஐஸ் பெட்டி தூக்கிட்டுப் படி ஏறினேன். கதவுகிட்ட யாரும் இல்ல. உள்ள எட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் சீட்டையெல்லாம் கழட்டிட்டாங்க. தரையில ஒரு மெத்தை. கை வர்ற இடத்துல ரெண்டு, கால் வர்ற இடத்துல ரெண்டு வார், தரையோட முடுக்கி இருந்துச்சு. கீழ இறங்கினா அந்த ஆள் வந்து, பெரியவங்களுக்கு டயப்பர் எங்க கிடைக்கும்னு கேக்குறான். ரெண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அஞ்சு நிமிஷம்கூட ஆகல."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"என் மேலாளர்கிட்ட சொன்னேன். ஐஸ் தூக்குறவன் ஐஸ் தூக்கினாப் போதும்னுட்டாரு. அதுக்கு மேல எனக்குத் தைரியம் இல்ல, ஃபிடெல்மா. பயந்தாங்கொள்ளின்னு சொல்லிக்கோ."

"அப்புறம் எதுக்குடா என்கிட்ட கூட்டிட்டு வந்தே?"

"கேப்பேன்னுதான்." அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "ஒரு தலைவலி மாத்திரைக்கு மூணு தலைமுறையை விசாரிக்கிறவ நீ. நாலு கட்டு டயப்பரைத் தூக்கிட்டு வந்து வெச்சா, யாருக்குன்னு கேக்காமலா விடுவே? கேட்டா அவன் முழிப்பான். நீ விடமாட்டே, ஊரையே கூட்டிடுவே. நான் வாயைத் திறக்காமலே வெளிய வந்துடும்னு நினைச்சேன். வேன்கிட்ட நின்னு உன் வாயையேதான் பார்த்துக்கிட்டிருந்தேன். மூணு தடவை கூட்டிட்டு வந்தேன். மூணு தடவையும் நீ மழையைப் பத்திப் பேசினே."

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் பதினொரு மணிக்கு லிமரிக்கில் அந்த பெல்ஜியப் பெண்ணின் எதிரே உட்கார்ந்தேன். சின்ன வயது, நல்ல முகம். அமெரிக்கர்களின் அக்கிரமத்தை நெஞ்சு நிமிர்த்திச் சொல்ல வந்திருக்கும் சாட்சி என்று என்னை மரியாதையாக நடத்தினாள். காபி கொடுத்தாள். பேனாவைத் திறந்தாள்.

"அந்த நபருக்கு இங்கே உதவியவரின் பெயரை முதலில் சொல்லுங்கள்."

"ஃபிடெல்மா கிளான்சி."

அவள் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அது உங்கள் பெயர் அல்லவா?"

"ஆமாம். எழுதிக்கோங்க" என்றேன்.