காலை ஆறு மணிச் சூடு

நாற்றுப் பண்ணையின் மேற்பார்வையாளருக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் பதிவேடு. தூங்கும்போதுகூட அந்தத் தடித்த நோட்டு அவர் நெஞ்சின்மேல்தான் கிடக்குமாம். புரண்டு படுத்தால் அதையும் நோட்டில் குறித்துவிட்டுத்தான் புரளுவாராம்.

விதை போட்ட பாத்தியைக் கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பால் மூட வேண்டும், மண் சூடேறினால்தான் முளைக்கும் என்பது அவர் போட்ட சட்டம். பனி கொட்டுகிற ஊருக்காக யாரோ எழுதிய குறிப்பை எங்கோ படித்துவிட்டார். இங்கேயோ காக்கைகூடக் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிற வெயில்.

அகப்பட்டுக்கொண்டவள் ஆறாம் பாத்திக்காரி. இரண்டு முறை மிளகாய் விதை போட்டும் ஒரு முளை எட்டிப் பார்க்கவில்லை. ‘கைராசி போதாது’ என்று நோட்டில் ஏறிவிட்டது. மூன்றாவது முறையும் பொய்த்தால் பெட்டி கட்டும் கொட்டகைக்கு மாற்றம். பதினோரு வருடம் மண்ணை அளைந்த கைக்கு அட்டையில் பசை தடவும் வேலை!

மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் விரிப்பைத் தூக்கி விரலை மண்ணுக்குள் நுழைத்தாள். நுழைத்த வேகத்தில் வெளியே இழுத்தாள்.

“என்ன அண்ணி, மண்ணு கடிச்சிருச்சா?” என்றாள் பக்கத்துப் பாத்தியிலிருந்த நாத்தனார்.

“சுடுதுடி! உங்கண்ணனுக்கு இதுலயே முட்டை அவிச்சு எடுத்துட்டுப் போயிடலாம்.”

மண்புழு ஒன்று கருகிய நூல் துண்டாய்க் கிடந்தது. ஒரு பிடி மண்ணை முகர்ந்தாள். உயிருள்ள மண்ணின் வாசனை இல்லை. சூளைச் செங்கல்லின் வாடை.

நேராக அலுவலகத்துக்குப் போய், மண் கொதிக்கிறது என்றாள். பதிவேடு மின்விசிறிக்கடியில் நோட்டை விரித்துக் காட்டினார். மண்ணின் சூடு மூன்று வாரமாக ஒரே எண்: இருபத்து நான்கு டிகிரி.

“எத்தனை மணிக்குங்க பாக்குறீங்க?”

“காலையில ஆறு மணிக்கு. வாக்கிங் முடிச்சதும், வாசல் நிழல்ல ஒரு பூந்தொட்டி இருக்குல்ல, அதுல.”

“ரெண்டு மணிக்குப் பாத்தியில தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்களேன்.”

“ரெண்டு மணிக்கா? அந்த வெயில்ல மனுஷன் வருவானாம்மா?”

“விதை மட்டும் வெந்துக்கிட்டுக் கிடக்கணுமா?”

“விதைக்கு என்னம்மா தெரியும்! போய் வேலையைப் பாரு.”

பார்த்தாள். மூன்றாவது முறை விதைத்தபோது பாதிப் பாத்தியில் விரிப்பை எடுத்துவிட்டு, காய்ந்த புல்லை நான்கு விரல் கனத்துக்குப் பரப்பித் தண்ணீர் தெளித்தாள். ஒளித்துச் செய்ய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பாத்திப் பக்கம் பதிவேட்டின் செருப்பு வந்ததாக வரலாறே கிடையாது.

பத்தாம் நாள் முதலாளியம்மா வந்தார், சரியாக இரண்டு மணிக்கு. பதிவேடும் குடை பிடித்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று. புல்லை விலக்கினால் பச்சைப் பசேலென்று முளைகள் முண்டியடித்தன. விரிப்புக்கு அடியில் பாலைவனம்.

“அந்தப் பக்கம் போட்டது நல்ல விதையா இருந்திருக்கும்மா,” என்றார் பதிவேடு, கூச்சமே இல்லாமல்.

“ரெண்டுமே ஒரே பொட்டலம்மா,” என்றாள் ஆறாம் பாத்திக்காரி. “சந்தேகமா இருந்தா இப்பவே தெர்மாமீட்டரைக் குத்திப் பாக்கச் சொல்லுங்க.”

குத்தினார். புல்லுக்கடியில் முப்பது. விரிப்புக்கடியில் நாற்பத்தேழு. மண்டியிட்டிருந்த பதிவேட்டின் முழங்கால் அந்த எண்ணைத் தானே உணர்ந்து துள்ளிக் குதித்தது.

“நாம மிளகாய் நாத்து வளர்க்கிறது பூந்தொட்டியில இல்லை,” என்றார் முதலாளியம்மா, நோட்டில் ‘காலை ஆறு மணி, வாசல் பூந்தொட்டி’ என்றிருந்ததைப் பார்த்து. “இனிமே தினமும் ரெண்டு மணிக்கு ஒவ்வொரு பாத்தியிலும் நீங்களே பாருங்க. இந்தம்மா இங்கேயே இருக்கட்டும். எல்லாப் பாத்திக்கும் புல் போடுறது இவங்க பொறுப்பு.”

மறுநாள் நாத்தனார் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

“அண்ணி! ‘என் ஆலோசனைப்படி புல் மூடாக்கு இடப்பட்டது’ன்னு எழுதியிருக்காரு!”

ஆறாம் பாத்திக்காரி நிமிர்ந்து பார்த்தாள். பத்தாம் பாத்தியில், கொளுத்தும் வெயிலில், குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி மறுகாலில் தத்தியபடி பதிவேடு எண் குறித்துக்கொண்டிருந்தார்.

“எழுதட்டும் விடுடி,” என்றாள் அவள், “இன்னும் பதினாலு பாத்தி பாக்கி இருக்குல்ல.”