வயிற்றில் இருந்தது தண்ணீர்

அபூர்வமான நோய் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மூன்று வயதுச் சிறுமி டியாமிகேக்குக் கணையத்தில் பிறவியிலேயே ஒரு நீர்ப்பை. அபூர்வம்தான், மறுக்கவில்லை. ஆனால் வார்டு டாக்டரான நான் முதல் நாளே ஸ்கேனில் பார்த்தேன். ஸ்கேனில் தண்ணீர் கறுப்பாகத்தான் தெரியும். கன்னங்கரேலென்று, உள்ளே வெறும் தண்ணீர்.

எங்கள் மலாவியில் குழந்தைக்கு வயிறு வீங்கினால் பர்கிட் புற்றுக்கட்டி என்றுதான் முதலில் நினைப்போம். அது படுவேகமாக வளரும். சோதனை முடிவுக்குக் காத்திருந்தால் குழந்தை போய்விடும். அதனால் அன்றே புற்றுக்கான ஊசி மருந்து. அப்படிப் பிழைத்த குழந்தைகள் எத்தனையோ பேர். அந்தத் தைரியத்தில்தான், நான் தண்ணீர் என்றதும் எங்கள் வார்டுத் தலைவர் கலிரானி முறைத்தார்.

"எனக்கே பாடம் எடுக்கறியா? கட்டின்னு எழுது."

எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். கோழை.

இரண்டு ஊசி போயிற்று. பர்கிட்டாக இருந்தால் முதல் ஊசிக்கே கரைய ஆரம்பித்திருக்கும். வயிறு அப்படியே இருக்க, பிள்ளையின் தலைமுடி மட்டும் கொட்டியது. குடித்த கஞ்சி தங்காமல் வாந்தி. மூன்றாவது ஊசிக்கு முந்தின நாள் வந்த அறுவை மருத்துவர் ம்சுக்வா, ஸ்கேனை ஒரு தரம் பார்த்துவிட்டு, பையை உடனே எடுக்க வேண்டும் என்றார். விட்டால் சீழ் பிடிக்கும், குடலை இன்னும் நெருக்கும்.

எங்களில் பிள்ளையை அறுக்கத் தாய்மாமன் சம்மதிக்க வேண்டும். மாமன் ப்வனாலி, ஏரியில் மீன்வலையைப் போட்டது போட்டபடி வந்தார். புற்று என்றவரே நேரில் வந்து தப்பு என்று சொன்னால்தான் கையெழுத்து என்று உட்கார்ந்துவிட்டார். கலிரானி வரவில்லை. அபூர்வ நோய் என்று சொல்லிப் புரியவை என்று என்னை அனுப்பினார். மானங்கெட்ட மனுஷன்.

மாமன் முன்னால் நின்றதும் அந்தப் பேச்சு என் வாயில் வரவில்லை.

"மொத நாளே தண்ணின்னு பார்த்தேங்க. கட்டின்னு எழுதினது நான்தான்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"அறுக்கறப்ப நீங்க உள்ள இருங்க டாக்டரம்மா. கண்ணால பார்த்ததை நீங்களே வந்து சொல்லணும்."

கணையத்தின் வால் பகுதியோடு பையை எடுத்தார் ம்சுக்வா. மண்ணீரலுக்குச் சேதமில்லை. பையைக் கீறியதும் கிண்ணத்தில் தெளிந்த நீர் வழிந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

நான் வெளியே வந்தபோது கலிரானி எனக்கு முன்னால் மாமனிடம் போய்விட்டிருந்தார். லட்சத்தில் ஒருவருக்கு வருவது, எப்பேர்ப்பட்டவரும் ஏமாந்துதான் போவார் என்று நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தார். நான் குறுக்கே புகுந்தேன்.

"பிள்ளை நல்லா இருக்கா. உள்ள தண்ணிதான். மொத நாள் பார்த்த அதே தண்ணி."

மாமன் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அப்ப அந்த ரெண்டு ஊசியும் யாருக்குப் போட்டீங்க?"